முன்கூட்டியே சமைக்கும் ஸ்பானிய விருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டுப் பேருக்கு ஸ்பானிய விருந்து என்று முடிவானதும் பெரும்பாலோர் பட்டியலில் முதலில் எழுதும் பெயர் பயேயா, அதாவது குங்குமப்பூவும் கடலுணவும் சேர்த்து அகலச் சட்டியில் வேகும் சோறு. திட்டம் தடம் புரள்வதும் அங்கேதான். பயேயா அடுப்பிலிருந்து இறங்கிய சில நிமிடங்களில் சாப்பிட வேண்டிய உணவு. அதற்குரிய குட்டை அரிசி வெந்து முடிந்த பிறகும் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் பருக்கை வீங்கிக் குழைந்திருக்கும். அடியில் பிடித்த மொறுமொறுப்பு நமுத்திருக்கும். திரும்பச் சூடாக்கினால் இறாலும் கணவாயும் ரப்பராகிவிடும். சமைத்த சோற்றை வெளியில் மணிக்கணக்கில் வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கலாம். அந்த நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. போதாக்குறைக்குக் குங்குமப்பூவும் கடலுணவும் செலவை ஏற்றிவிடும். பயேயாவை நான்கு பேர் கூடி, சமைத்த கையோடு சாப்பிடும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே சமைக்கும் விருந்துக்கு உணவைத் தேர்வு செய்யக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு ராத்திரி இருந்தால் இது கூடுமா, கெடுமா? ஊறினால் ருசி கூடும் உணவுகள் ஸ்பெயினில் ஏராளம். அவற்றில் பலவும் பருப்பு, முட்டை, கிழங்கு, காய்ந்த ரொட்டி என்று மலிவான பொருள்களில் பிறந்தவை. எட்டுப் பேருக்கு இந்த ஐந்து போதும்: காஸ்பாச்சோ (குளிர்ந்த தக்காளி சூப்), உருளைக்கிழங்கு டோர்ட்டியா (தடித்த முட்டை ஆம்லெட்), செவில் நகரத்துப் பாணியில் கீரையும் கொண்டைக்கடலையும், கோழி எஸ்கபேச்சே (வினிகர் சாற்றில் ஊறிய கோழி), கடைசியில் ஃபிளான் (கேரமல் கஸ்டர்ட்). கூடவே ரொட்டி.

தாபாஸ், அதாவது சிறு தட்டு உணவுகள், என்றால் பத்து வகையாவது வேண்டும் என்று நினைப்பது அடுத்த தவறு. வகை கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் வாங்க வேண்டும். பாதி காலியான புட்டிகள் அலமாரியில் தங்கும். செலவு கசிவது பெரும்பாலும் இப்படித்தான். மேலே சொன்ன ஐந்தில் நான்கு, பூண்டு, தக்காளி, முட்டை, வினிகர், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. டாக்கோ, நாச்சோ, குவாக்கமோலே ஆகியவற்றையும் இந்த மேசையில் வைக்க வேண்டாம். அவை மெக்சிகோவின் உணவுகள்; அவற்றுக்கான பொருள்கள் பெரும்பாலும் வேறு.

டோர்ட்டியாவில் நடப்பது

அளவு: உருளைக்கிழங்கு 700 கிராம், பெரிய வெங்காயம் 1, முட்டை 6, ஆலிவ் எண்ணெய் 300 மில்லி, 24 சென்டிமீட்டர் அகல ஒட்டாத வாணலி. கிழங்கைப் பொன்னிறமாக வறுப்பதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. மேல்தோல் இறுகினால் முட்டை உள்ளே இறங்காது. வெட்டும்போது துண்டு துண்டாக உதிரும். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, சிறு குமிழ் மட்டும் வரும் தீயில் 20 முதல் 25 நிமிடம் எண்ணெயில் வேகவிடுங்கள். கரண்டியால் அழுத்தினால் சத்தமில்லாமல் உடைய வேண்டும். எண்ணெயை வடித்துப் பத்திரப்படுத்துங்கள். இதே எண்ணெயில் கீரையும் கோழியும் வதங்கலாம், அதனால் இது வீண் செலவு அல்ல.

வடித்த கிழங்கை அடித்த முட்டையில் போட்டுக் கால் மணி நேரம் ஊற விடுங்கள். உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி; கிழங்கு உப்பை விழுங்கிவிடும் என்பதால் கூச்சப்படாமல் போடலாம். பிறகு மிதமான தீயில் ஒரு பக்கம் 4 நிமிடம், தட்டை மேலே கவிழ்த்துத் திருப்பி மறுபக்கம் 3 நிமிடம். நடுவில் வழவழப்பாக விடுவது ஸ்பெயினில் பலருக்குப் பிடிக்கும், ஆனால் அது உடனே சாப்பிடுவதற்கு. முன்கூட்டியே செய்யும்போது நடு முழுக்க வெந்திருக்க வேண்டும். அரைவேக்காட்டு முட்டையைப் பல மணி நேரம் வைத்திருப்பது ஆபத்து. பரிமாறுவதற்கு முக்கால் மணி முன்பு குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சதுரங்களாக வெட்டுங்கள். சூடாக்க வேண்டாம், முட்டை இறுகிப்போகும்.

கடலைப் பானையில் கசப்பு

உலர்ந்த கொண்டைக்கடலை 500 கிராமை ராத்திரி ஊறவைத்து வேகவைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கிடைக்கும். டப்பாவில் வாங்குவதைவிடச் செலவு வெகுவாகக் குறையும். பூண்டு நான்கு பல், காய்ந்த ரொட்டி 60 கிராம் இரண்டையும் எண்ணெயில் சிவக்க வறுத்து, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு மேசைக்கரண்டி வினிகரோடு அரைப்பதுதான் இதன் உயிர்.

கைதவறும் இடம் பிமெந்தோன், அதாவது ஸ்பானிய மிளகாய்த்தூள். லா வேரா பகுதியிலிருந்து வரும் வகை, ஓக் விறகுப் புகையில் உலர்த்தியது. சூடான எண்ணெயில் சில விநாடிகளில் கருகிக் கசக்கும், பிறகு எதைச் சேர்த்தாலும் அந்தக் கசப்பு போகாது. வாணலியைத் தீயிலிருந்து இறக்கி, இரண்டு தேக்கரண்டி தூளைப் போட்டு ஒரு கிளறு கிளறி, உடனே கடலை வெந்த நீரை ஊற்றுங்கள். அதன்பிறகு கடலையும் அரைத்த விழுதும், வதக்கிய 800 கிராம் பசலைக்கீரையும் சேரலாம். மறுநாள் ரொட்டியும் கடலையும் நீரை இழுத்து இறுகியிருக்கும். வெந்த நீரில் ஒரு குவளை எடுத்து வைத்திருந்தால் சூடாக்கும்போது தளர்த்திக்கொள்ளலாம். இதைச் செய்யாதவர்கள் வெறும் தண்ணீரை ஊற்றி ருசியைக் கலைத்துவிடுகிறார்கள்.

காஸ்பாச்சோவுக்கு நன்றாகப் பழுத்த தக்காளி 1.5 கிலோ வேண்டும். பழுத்தது கிடைக்காத பருவம் என்றால் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். பச்சைப் பூண்டின் காரம் ராத்திரியில் ஏறும். ஒரு சின்னப் பல் போதும். குளிர்ச்சி உப்பையும் புளிப்பையும் மங்கச் செய்வதால், குளிர்ந்த பிறகுதான் கடைசியாக ருசி பார்க்க வேண்டும். ஐஸ் போட்டால் நீர்த்துவிடும்.

கோழி எஸ்கபேச்சேயை இரண்டு நாள் முன்பே செய்யலாம். வினிகர் இருப்பதால் அலுமினியப் பாத்திரம் ஆகாது. துண்டுகள் முழுதும் சாற்றில் மூழ்கியிருக்க வேண்டும். குளிரில் ஆலிவ் எண்ணெய் வெண்மையாக உறைந்திருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அரைமணி நேரம் வெளியில் வைத்தால் இளகிவிடும்.

இனிப்பில் கிரெமா கத்தலானா என்ற கஸ்டர்டைத் தேர்ந்தெடுத்தால், மேலே சர்க்கரையைச் சுட்டு மொறுமொறுப்பாக்கும் வேலை கடைசி நிமிடத்தில் வந்து நிற்கும். முன்பே சுட்டால் ஈரத்தில் கரைந்துவிடும். ஃபிளானுக்கு அதே கரைதல்தான் பலம். அடியில் இறுகிய கேரமல் ஒரு ராத்திரியில் இளகிப் பாகாகிறது. பால் 750 மில்லி, முட்டை 6, சர்க்கரை 150 கிராம், கேரமலுக்குத் தனியாக இன்னொரு 150 கிராம். 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் வெந்நீர்த் தட்டில் வைத்து வேகவிடுங்கள். அந்த நீர் கொதித்தால் ஃபிளான் முழுக்க ஓட்டை விழும். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே வெளியே எடுத்துவிடுங்கள்.

ஹமோனை, அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கறியை, தட்டு நிறைய அடுக்குவது செலவை எங்கோ கொண்டுபோய்விடும். 80 கிராமைப் பொடியாக நறுக்கி காஸ்பாச்சோவின் மேல் தூவினால் எட்டுப் பேருக்கும் அந்த உப்பும் மணமும் எட்டும். பழம் ஊறிய ஒயின் பானமான சாங்ரியாவுக்கு விலை உயர்ந்த ஒயின் தேவையில்லை. பழங்களை நான்கு மணி நேரம் ஊறவிட்டால் போதும். ஆரஞ்சுத் தோலோடு ராத்திரி முழுக்க ஊறினால் கசக்கும். சோடாவைப் பரிமாறும்போது சேருங்கள், ஐஸை ஜாடியில் போடாமல் குவளையில் போடுங்கள்.

குளிர்பெட்டியில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் சமையலைத் தொடங்குவதும் சங்கடம்தான். ஆழமான பானையில் சூடாக வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும்.

கடைசி நேரத்துக்கென்று விட வேண்டியது தக்காளி ரொட்டி மட்டும். தக்காளியைக் காலையிலேயே துருவி மூடி வைக்கலாம். உப்பைச் சேர்க்க வேண்டாம், நீர் விடும். விருந்தினர் உட்கார்ந்த பிறகு ரொட்டியைச் சுட்டு, பூண்டைத் தேய்த்து, தக்காளியைப் பூசி, உப்பும் எண்ணெயும் விட்டு உடனே நீட்டுங்கள்.