வீட்டில் பிரஷர் அளந்து போனில் கணக்கு வைப்பது எப்படி? மலைவாசிகளுக்கான செய்முறை

கோத்தகிரிப் பக்கம் டிசம்பர் குளிர் தொடங்கினால் பலருக்கும் பிரஷர் கொஞ்சம் ஏறும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதுதான் காரணம். ஆனால் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஒற்றை எண்ணில் குளிர் மட்டுமா இருக்கிறது? கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் வந்த களைப்பு, வரிசையில் நின்ற எரிச்சல், டாக்டரைப் பார்த்த பதற்றம் எல்லாம் சேர்ந்திருக்கும். ஒரு வாரத்து வீட்டுக் கணக்கைக் கையில் கொண்டுபோனால் மாத்திரையைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று டாக்டர் முடிவெடுப்பது எளிது.

1. மெஷின்

மேல்கையில் சுற்றும் ஆட்டோமேட்டிக் மெஷினே வாங்குங்கள். மணிக்கட்டு மெஷினையும் ஸ்மார்ட்வாட்ச் காட்டும் பிரஷரையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. முறையாகச் சோதித்துத் தேறிய மாடல்களின் பட்டியல் ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளத்தில் இருக்கிறது. கடைக்குப் போகும் முன் மேல்கைச் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கூடவே வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான் சரி. பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும்.

2. அட்டவணை

போனில் கூகுள் ஷீட்ஸைத் திறந்து, முதல் வரிசையில் ஆறு தலைப்புகள் போடுங்கள்: தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு, குறிப்பு. அந்த ஃபைலை ஆஃப்லைனில் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாதே! பிரஷருக்கென்றே இலவச ஆப்கள் நிறைய உண்டு. அவற்றில் சில காண்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்கின்றன. பிரஷருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சாதாரண அட்டவணையே போதும்.

3. அளப்பது

அவசரம் வேண்டாத இடம் இதுதான். டீயும் வர்க்கியும் முடித்த கையோடு அளக்காதீர்கள். அரை மணி நேரம் போகட்டும். பீடி, சிகரெட்டுக்கும் அப்படியே. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் உட்காருங்கள். கால்மேல் கால் போட்டாலே எண் ஏறும். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி, கையை மேசைமேல் தளர்வாக வையுங்கள்.

நம் ஊரில் பெரிய தொல்லை ஸ்வெட்டர். அதன்மேல் பட்டையைச் சுற்றக்கூடாது. ஸ்வெட்டரின் கைப்பகுதியைச் சுருட்டி மேலே தள்ளினாலும் அந்தச் சுருள் கையை இறுக்கும். ஸ்வெட்டரிலிருந்து ஒரு கையை முழுதாக வெளியே எடுத்து, உடம்பைச் சால்வையால் போர்த்திக்கொள்ளுங்கள். பனியில் நின்றுவிட்டு உள்ளே வந்த உடனே உட்கார்ந்து அளக்கவும் வேண்டாம்.

மெஷின் ஓடும்போது பேச்சு கூடாது. ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து, இரண்டையும் தனித்தனி வரிசையில் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு, மாலையில் இரண்டு, ஏழு நாள். ஒரு வரிசை இப்படி இருக்கும்: காலை 6:20, 142, 88, 76, 'இரவு தூக்கமில்லை'. 142ஐ 140 ஆக்காதீர்கள். ஆய்வுகளில் பூஜ்யத்தில் முடியும் எண்கள் அளவுக்கு மீறி வந்தால், அளந்தவர் தோராயமாக எழுதியிருக்கிறார் என்று சந்தேகிப்பார்கள்.

4. சராசரி

முதல் நாளின் நான்கு அளவுகளை விட்டுவிடுங்கள். புது மெஷின் என்ற படபடப்பு அதில் இருக்கும். மீதி 24. அதாவது 6ஆவது வரிசையிலிருந்து 29ஆவது வரை. மேல் எண்களைத் தேர்ந்தெடுத்தால் திரையின் கீழே கூட்டுத்தொகை தெரியும். அதைத் தொட்டுச் சராசரிக்கு மாற்றுங்கள். கீழ் எண்ணுக்கும் இதே வழி. வீட்டுச் சராசரி 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரிடம் பேச வேண்டும். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

இடையில் 180/120க்கு மேல் வந்து, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் எதுவும் சேர்ந்திருந்தால் அட்டவணையை மறந்துவிட்டு 108ஐ அழையுங்கள். தொந்தரவு இல்லையென்றால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி அளந்து பாருங்கள். குறையாவிட்டால் அன்றே டாக்டரிடம் கேளுங்கள்.

5. காட்டுவது

பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், பிரிண்ட் எடுக்கலாம். மலை இறங்க முடியாத நாளில் அரசின் இலவச இ-சஞ்சீவனி மூலம் வீடியோவில் டாக்டரிடம் பேசும்போது சராசரியைப் படித்துக் காட்டலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கு வந்தால் அவரிடமும் காட்டுங்கள்.

ஆய்வுக்கு வேண்டும் என்று யாராவது கேட்டால்? கொடுக்கலாம், நல்ல காரியம்தான். ஆனால் நெறிமுறைக் குழு, அதாவது ஆய்வு முறையானதா என்று பார்க்கும் குழு, அனுமதி தந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கிப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஷீட்டின் லிங்க்கை அனுப்பாமல், பெயரும் குறிப்புப் பகுதியும் நீக்கிய நகலை மட்டும் அனுப்புங்கள். 'வீட்டில் சண்டை' என்று ஒரு நாள் குறித்திருப்பீர்கள். அது ஆய்வாளருக்கு எதற்கு?