க்ராம்ப்டன் இன்ஜினை ப்ளெண்டரில் உருவாக்குவது எப்படி

19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நீராவி இன்ஜினை ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவாக்க ஆசையா? பொத்தாம்பொதுவாக ஒரு பழைய ரயிலை வரைய உட்காராதீர்கள், ஒரே ஒரு இன்ஜினைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் கைகாட்டுவது க்ராம்ப்டன் வகையை. வடிவமைத்த தாமஸ் க்ராம்ப்டன் ஆங்கிலேயர்தான், ஆனால் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது பிரான்ஸ். ரயில் ஏறுவதையே ‘க்ராம்ப்டன் பிடிப்பது’ என்று சொல்லும் அளவுக்கு. பாரிஸ்–ஸ்ட்ராஸ்பூர் பாதைக்காக 1852-இல் கய் தொழிற்சாலை செய்த 80-ஆம் எண் ‘லெ கோந்தினான்’ இன்றும் மூலூஸ் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதனால் பார்த்துச் செய்ய வண்ணப் படங்களுக்குப் பஞ்சமில்லை.

முதலில் போட வேண்டியது பெரிய இயக்குசக்கரம். விட்டம் 2.3 மீட்டர். ஆளுயரத்தைத் தாண்டும் சக்கரம் என்பதால் பக்கத்தில் 1.7 மீட்டரில் ஒரு மனித உருவத்தை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள், மற்ற அளவுகள் தானாக வழிக்கு வரும். தண்டவாளங்களுக்கு இடையே 1.435 மீட்டர்.

அப்புறம் இந்த இன்ஜினின் உயிர்நாடி: பெரிய சக்கரத்தின் அச்சு நெருப்புப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அச்சு குறுக்கே வராததால் கொதிகலனை நன்றாகத் தாழ்த்தி வைக்க முடிந்தது, வேகத்தில் போகும்போது வண்டி ஆடாமல் நிற்க அதுதான் க்ராம்ப்டன் கண்ட வழி. உங்கள் மாடலில் கொதிகலன் சக்கரத்தின் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தால் அது க்ராம்ப்டனே இல்லை. பிஸ்டன்கள் ஓடும் உருளைகள் வெளிப்புறத்தில், கொதிகலனின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் வரும். கொதிகலன் மேல் குவிமாடம் வேண்டாம்.

ஆரக்கால் ஒன்றே ஒன்று செய்தால் போதும். அதன் மையப்புள்ளியைச் சக்கரத்தின் நடுவில் வைத்து, ஒரு எம்ப்டியை (படத்தில் தெரியாத துணைப்பொருள்) சுழற்றி, ஒன்றைப் பல நகல்களாக்கும் அர்ரே மாடிஃபையரில் கொடுத்துவிடுங்கள். எண்ணிக்கையைப் படத்தைப் பார்த்து எண்ணுங்கள், ஊகிக்காதீர்கள்.

இயக்கம் சேர்க்கும்போது பலரும் கோட்டை விடுவது கிராங்கில்தான், அதாவது பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றும் கையில். இடப்பக்கக் கிராங்கும் வலப்பக்கக் கிராங்கும் 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் முனையில் போய் நிற்கும், நிஜ இன்ஜினாக இருந்தால் கிளம்பவே கிளம்பாது. வேகத்துக்குக் கணக்கு இதோ: சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 7.2 மீட்டர் ஓடும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 2.8 சுற்று. விநாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு 41 டிகிரிக்கு மேல் திரும்பும். மோஷன் பிளர் (வேகத்தில் உருவம் மங்குவது) போடாவிட்டால் ஆரக்கால்கள் கண்டபடி துள்ளும், சில சமயம் பின்னோக்கிச் சுற்றுவது போலக்கூடத் தெரியும். புகைபோக்கியிலிருந்து ஒரு சுற்றுக்கு நான்கு ‘புஸ்’. கிளம்பும்போது அவை தனித்தனியாகத் தெரிய வேண்டும், வேகம் பிடித்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

கரும்புகையை அள்ளித் தெளிக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். 1850-களின் தொடக்கம் வரை இன்ஜின்களில் பெரும்பாலும் எரித்தது கோக் (நிலக்கரியைச் சுட்டுச் செய்த எரிபொருள்), அதில் கரும்புகை மிகக் குறைவு, வெளியே வந்தது பெரும்பாலும் வெண்ணிற நீராவி. ரிவெட்டும் அப்படித்தான். கொதிகலனில் ரிவெட் உண்டு, ஆனால் அதன் மேல் வெப்பம் போகாமலிருக்க மெல்லிய மரப்பலகைகளும் தகடும் போர்த்தியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரிவது வழவழப்பான தகடும் அதைச் சுற்றிய பட்டைகளும்தான். ரிவெட்டுகளை டெண்டரின் (இன்ஜினுக்குப் பின்னால் தண்ணீரும் எரிபொருளும் சுமக்கும் வண்டி) தண்ணீர்த் தொட்டிக்கு ஒதுக்குங்கள்.

நிறத்துக்கு அந்தக் காலக் கறுப்பு-வெள்ளைப் படங்களை நம்பாதீர்கள். அப்போது படம்பிடிக்கப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு அறவே உறைக்காது, பச்சையும் மஞ்சளும் சரியாகப் பதியாது. படத்தில் கரிய இரும்பாகத் தெரியும் பாகம் நிஜத்தில் பளபளக்கும் பித்தளையாகவோ செம்பாகவோ இருக்கலாம். நீலம் மட்டும் அதிகமாக உறைப்பதால் வானம் எப்போதும் வெளுத்திருக்கும், அதைப் பார்த்து மேகமூட்டமான ஒளியமைப்பு வைத்துவிடாதீர்கள்.

சரி, கடைசியாகக் காட்சி. இரட்டைப் பாதை வைத்தால் ரயிலை இடப்பக்கப் பாதையில் ஓட விடுங்கள், பிரான்ஸில் பொதுவாக அதுதான் முறை. 1871-இல் ஜெர்மனி வசம் போன அல்சாஸிலும் மொசேல் பகுதியிலும் அது வலப்பக்கமாக மாறியது, ஆகவே ஸ்ட்ராஸ்பூர் பக்கம் காட்சி அமைப்பவர்கள் எந்த ஆண்டு என்பதை முடிவு செய்துகொண்டு தண்டவாளம் போடுங்கள்.