தெருமுனை இஸ்திரிக் கடையில் 2 நிமிடப் படம்: ஃபோனில் எடுத்து நாமே எடிட் செய்வது எப்படி?

நான் முதன்முதலில் வீடியோ எடுக்கப் போனது ஒரு தேர்த் திருவிழாவுக்கு. மூன்று மணி நேரம் சுற்றிச் சுற்றி எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் அறுபதுக்கும் மேல் கிளிப்புகள். எல்லாமே இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று அலைந்துகொண்டே இருந்தன. தேர் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, பலூன்காரர் இருக்கிறார். ஒன்றோடொன்று ஒட்டத்தான் இல்லை. மேலே ஒரு பாட்டைப் போட்டு ஒப்பேற்றி நண்பனுக்கு அனுப்பினேன். "நல்லா இருக்குடா, யாரைப் பத்தின வீடியோ?" என்று கேட்டான்.

அடுத்த முறை அந்தக் கேள்விக்குப் பதிலை வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு, கரிப்பெட்டியில் துணி தேய்த்துக் கொடுக்கும் அண்ணன்தான் பதில். அவரை வைத்து 2 நிமிடப் படம் எடுத்தபோது கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் தெருவில் பஞ்சர் கடையோ மாவு மில்லோ இருந்தாலும் வேலை இதேதான்.

படி 1: ஒன்லைன்

சினிமாக்காரர்களிடம் கதை சொல்லப் போனால் முதலில் "ஒன்லைன் என்ன?" என்றுதான் கேட்பார்கள். 'இஸ்திரிக்காரரின் வாழ்க்கை' என்பது ஒன்லைன் ஆகாது, அது வெறும் தலைப்பு. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குள் 40 பள்ளி யூனிஃபார்ம் தேய்த்தாக வேண்டும், சாக்கில் கரியோ அடிமட்டத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் இதே பாடுதானாம். அதுதான் ஒன்லைன்: ஒரு ஆள், அவர் முடிக்க வேண்டிய வேலை, நடுவில் ஒரு தடை. முடிப்பாரா என்று ஒரு கேள்வி விழுந்துவிட்டால் பார்ப்பவர் அடுத்த வீடியோவுக்குத் தள்ள மாட்டார். அதில் எந்த நாடகத்தையும் நீங்கள் கூடச் சேர்க்க வேண்டியதில்லை.

அன்றே அனுமதியும் கேட்டுவிடுங்கள். யூனிஃபார்மில் பள்ளியின் பேட்ஜ் இருக்கும், அது ஃப்ரேமுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு குழந்தை எங்கே படிக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டாம்.

படி 2: ஃபோனைத் தயார் செய்வது

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள், படம் மங்கலாக இருக்கிறது என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு விரல் ரேகைதான் பிரச்சினை. ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வீடியோவின் துல்லியம் 1080பி (முழு எச்டி) போதும். ஐஃபோனில் 1080பி, நொடிக்கு 30 ஃப்ரேம் (அதாவது 30 தனிப் படங்கள்) என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி ஆகும், அதே 30 ஃப்ரேமில் இன்னும் துல்லியமான 4கே என்றால் 170 எம்பி வரை போகும். பழைய லேப்டாப்பில் 4கே கிளிப்பைப் போட்டுவிட்டு அது திக்கித் திக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன சுகம்?

ராத்திரியில் எல்இடி பல்பு, டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும், அல்லது வெளிச்சம் துடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் இந்தத் துடிப்போடு ஒத்துப்போகும், 1/60 ஒத்துப்போகாது. ஃபோனிலேயே ப்ரோ மோட் இருந்தால் அதில் மாற்றலாம். இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசம். அதில் ஷட்டரையும் மாற்றலாம், நொடிக்கு 25 ஃப்ரேமும் வைக்கலாம். 25 ஃப்ரேமுக்கு 1/50 ஷட்டர் என்பது நல்ல ஜோடி, அசைவு பார்க்க இயல்பாக இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பூட்டாமல் எடுத்தால் பின்னால் ஒரு பைக் ஹெட்லைட்டோடு போகும்போதெல்லாம் அண்ணன் முகம் இருண்டு இருண்டு வெளுக்கும்.

படி 3: அழகை விடுங்கள், செயலை எடுங்கள்

திருவிழாவில் நான் செய்த தப்பு என்னவென்றால், கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததையெல்லாம் எடுத்தேன், எந்தச் செயலையும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எடுக்கவில்லை. செயலை முழுதாக எடுத்து வைத்திருந்தால் எடிட்டிங்கில் எதை எங்கே வைப்பது என்று முழிக்க வேண்டியிருக்காது.

அண்ணன் ஒரு சட்டை தேய்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். துணியை விரிக்கிறார். பக்கத்துச் சொம்பில் கையை விட்டுத் தண்ணீர் தெளிக்கிறார். பெட்டியைத் தூக்கி அடியை ஈரச்சாக்கில் ஒரு இழுப்பு இழுக்கிறார், 'ஸ்ஸ்' என்று ஆவி கிளம்புகிறது. முதலில் காலர், அப்புறம் கை, கடைசியில் உடம்பு. மடிக்கிறார், அடுக்கில் வைக்கிறார். ஒரு சட்டைக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. நாற்பது சட்டை இருக்கிறதே! அதனால் ஒவ்வொரு சட்டைக்கும் ஓர் இடத்தில் நின்று எடுங்கள்:

- கை மட்டும், க்ளோஸப்
- முகம் மட்டும், க்ளோஸப்
- வண்டி, மரம், தெரு எல்லாம் தெரிகிற வைட்
- அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் பார்க்கிற மாதிரி
- யாரும் நிற்காத ஒரு கோணம் (நான் வண்டிக்கு அடியில் உட்கார்ந்து, பலகை இடுக்கு வழியாகத் தெரிந்த கரிக் கங்குகளை எடுத்தேன்)

ஒவ்வொரு ஷாட்டிலும் கேமராவை அசைக்காமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். ஆரம்பத்தில் இது பெரிய கஷ்டம், ஏழு எண்ணுவதற்குள் கை தானாகத் திரும்பும். கை ஃப்ரேமுக்குள் வருவதற்கு முன்பே ரெக்கார்டை அழுத்துங்கள், வெளியே போனபிறகு நிறுத்துங்கள். ஜூம் செய்ய வேண்டாம், நடந்து கிட்டப் போங்கள்.

வண்டிக்கு எந்தப் பக்கம் நின்று ஆரம்பித்தீர்களோ அந்தப் பக்கமே நில்லுங்கள். நான் ஒரு ஷாட்டை எதிர்ப்பக்கம் போய் எடுத்தேன். எடிட்டில் பார்த்தால், வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்த பெட்டி அடுத்த ஷாட்டில் இடப்பக்கமாகப் போகிறது, அண்ணன் திடீரென்று திரும்பி நின்ற மாதிரி ஆகிவிட்டது. வண்டியின் இரண்டு பக்கங்களையும் பிரிக்கிற, நாம் தாண்டக் கூடாத, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோட்டை 180 டிகிரிக் கோடு என்பார்கள்.

படி 4: சத்தம்

படம் கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் பத்து நொடியில் போய்விடுவார்கள். ஆகவே, இருக்கிற காசில் ஏதாவது வாங்குவதென்றால் சட்டையில் மாட்டுகிற ஒரு மைக்கை முதலில் வாங்குங்கள், ஃபோன் ஆடாமல் பிடிக்கும் கிம்பலை அப்புறம் பார்க்கலாம். மைக் இல்லையா, வீட்டில் இன்னொரு ஃபோன் இருக்குமே. வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, அவர் சட்டைப்பையில் மைக் பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிடுங்கள். ஆரம்பிக்கும்போது கேமரா முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். எடிட் செய்யும்போது இரண்டு ஒலியலைகளிலும் அந்தத் தட்டல் ஊசி மாதிரி நிற்கும், இரண்டையும் நேராக வைத்தால் உதடும் பேச்சும் பொருந்திவிடும்.

பேட்டியில் என் குரல் வரக் கூடாது என்பதால், "கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 'எத்தனை வருஷமா?' என்றால் 'இருபது' என்று வரக்கூடாது, 'இருபது வருஷமா இந்த மரத்தடியிலதான் இருக்கேன்' என்று வர வேண்டும். அவர் பேசி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள். மூன்று நொடி சும்மா இருந்தால் அவரே ஏதாவது சேர்ப்பார், பெரும்பாலும் அதுதான் படத்துக்குள் போகும். எனக்கு அப்படிக் கிடைத்தது: "சட்டையைப் பார்த்தாலே பையன் எந்த வகுப்புன்னு சொல்லிடுவேன். போன வருஷத்தை விட கை நீளம்."

இதே பேட்டியில் ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டேன். எதிரில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. பேசும்போது அது காதில் விழவே இல்லை, நம் காது அதை ஒதுக்கிவிடுகிறது. எடிட்டில் ஒரு வாக்கியத்தை வெட்டி ஒட்டினால் மில் சத்தம் 'டக்' என்று குதிக்கிறது. மறுநாள் அதே நேரத்தில் போய், யாரும் பேசாத வெறும் தெருச் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்து அடியில் ஓடவிட்ட பிறகுதான் ஒட்டுத் தெரியாமல் போனது. எங்கே படம் எடுத்தாலும் கிளம்புமுன் அந்த அரை நிமிடத்தை எடுத்துவிடுங்கள்.

படி 5: எடிட்டிங்

கிளிப்புகளை இரண்டு இடத்தில் காப்பி எடுத்த பிறகு ஃபோனிலிருந்து அழியுங்கள். மென்பொருளுக்கு டாவின்ச்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம், ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும். சாதாரண லேப்டாப் என்றால் கேடென்லைவ் அல்லது ஷாட்கட்; இரண்டும் முழு இலவசம். எதுவானாலும் வெட்டுவது, நகர்த்துவது, ஒலியளவைக் குறைப்பது, இந்த மூன்றும் தெரிந்தால் இன்றே ஆரம்பிக்கலாம்.

என்னிடம் 42 நிமிடக் காட்சிகளும் 9 நிமிடப் பேட்டியும் இருந்தன. முதலில் படத்தைத் தொடவே இல்லை. பேட்டியை மட்டும் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) போட்டு, கண்ணை மூடிக் கேட்டு, 70 நொடிக்குக் குறைத்தேன். வானொலியில் கேட்டாலும் புரிய வேண்டும் என்பதுதான் அளவு. அதன் பிறகு மேலே காட்சிகளை அடுக்கினேன்.

எங்கே வெட்டுவது? அசைவின் நடுவில். வைட் ஷாட்டில் அண்ணன் பெட்டியைத் தூக்க ஆரம்பிக்கிறார், பாதி தூக்கலில் வெட்டி, மீதித் தூக்கலை க்ளோஸப்பில் காட்டுங்கள். கண் அசைவைத் துரத்திக்கொண்டு போவதால் வெட்டியது தெரியாது. அடுத்து, சத்தத்தை முன்னால் அனுப்புங்கள். கங்கு வெடிக்கிற சத்தம் ஒரு நொடி முன்னதாகவே கேட்கட்டும், அப்புறம் கரி திரைக்கு வரட்டும். ஜே கட் என்பது இதுதான்.

காட்சி வரிசைக்கு எவ்வளவு பலம் என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் 100 ஆண்டுகளுக்கு முன், ஒரு நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை ஒரு பெண்ணோடும் ஒட்டினார். பார்த்தவர்களுக்கு அந்த முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்ததாம். நானும் செய்து பார்த்தேன். அண்ணன் முகத்துக்கு அடுத்த ஷாட்டாகக் காலிக் கரிச்சாக்கை வைத்தால் கவலையாகத் தெரிகிறார். எல்கேஜிப் பிள்ளையின் உள்ளங்கை அகலச் சட்டையை வைத்தால் அதே முகம் கனிந்துபோகிறது. நான் சாக்கை நடுவிலும் சின்னச் சட்டையைக் கடைசியிலும் வைத்தேன்.

பக்கம் புரட்டுவது, சுழன்று மறைவது போன்ற டிரான்சிஷன்களைக் கல்யாண வீடியோவுக்கு விட்டுவிடலாம். பின்னணி இசையும் நான் போடவில்லை. வேண்டுமென்றால் யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் உரிமைச் சிக்கல் இல்லாதவை கிடைக்கும், சினிமாப் பாட்டைத் தொடாதீர்கள்.

படி 6: வெளியே எடுப்பது

முடிந்த படத்தை ஒரே ஃபைலாக வெளியே எடுக்க மென்பொருளில் வைக்க வேண்டியவை: எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 1080பி, எடுத்த அதே ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது), பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்கு ஆகும் டேட்டா) 8 எம்பிபிஎஸ் அல்லது கொஞ்சம் மேலே. யூடியூபுக்கு இது போதும். ஏற்றுமுன் ஒருமுறை ஹெட்ஃபோனிலும் ஒருமுறை ஃபோன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். பிறகு, படத்தில் இருப்பவருக்கு முதலில் காட்டுங்கள்.

நான் வண்டியிலேயே ஃபோனைச் சாய்த்து வைத்துக் காட்டினேன். அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முழுதும் பார்த்தார். முடிந்ததும், "தம்பி, இந்த நீலச் சட்டைக்கு இடது கையை ரெண்டு தடவை தேய்க்கிறேனே?" என்றார். இருபது தடவையாவது பார்த்திருப்பேன், என் கண்ணில் படவில்லை. வேறு வேறு சட்டைக்கு எடுத்த ஷாட்டை ஒன்றாக ஒட்டியதில் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் செயல் தொடர்ந்து பொருந்துவது, போயிருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு கையை வெட்டினேன். 2 நிமிடப் படம் 1 நிமிடம் 54 நொடி ஆனது.