ஒரே வேர், வேறு பொருள்: ரொமான்ஸ் மொழிகளைக் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலத்தீனிலிருந்து பிறந்த ஸ்பானியம், போர்த்துகீசியம், பிரெஞ்சு, இத்தாலியம், ருமேனியம் ஆகிய ரொமான்ஸ் மொழிகளுள் ஒன்றை அறிந்தவர் மற்றொன்றைக் கற்கத் தொடங்கும்போது செய்யும் முதல் தவறு, உருவத்தில் ஒத்திருக்கும் சொல்லுக்குத் தாம் முன்பே அறிந்த பொருளைக் கொடுத்துவிடுவதாகும். இலத்தீனில் குதித்தலைக் குறித்த 'ஸலீரே' என்னும் வினை, ருமேனியத்தில் 'ஸரி' என்றாகி இன்றும் குதித்தலையே குறிக்கிறது. இத்தாலியத்திலோ அது ஏறுதல். ஸ்பானியத்தில் 'ஸலிர்' என்றும் போர்த்துகீசியத்தில் 'ஸயிர்' என்றும் வழங்கும்போது வெளியேறுதல். ரயிலில் ஏறுவதற்கு இத்தாலியர் சொல்லும் சொல், ஸ்பானியர் காதில் வெளியே போவதாகவே விழும். ஸ்பானியர் ஏறுவதற்கு வழங்கும் 'ஸுபிர்' இத்தாலியத்திலும் 'ஸுபீரே' என்ற வடிவில் உண்டு. ஆனால் அங்கே அதன் பொருள், ஓர் இழப்புக்கோ அறுவை சிகிச்சைக்கோ ஆட்படுதல் என்பதாகும். பிரெஞ்சும் இதில் இத்தாலியத்தின் பக்கமே நிற்கிறது.

இந்த முரண்பாட்டைக் கண்டதும் இலத்தீன் அகராதியைத் திறந்து, அங்கே முதலில் காணப்படும் பொருளே சரியானது, மற்றவை திரிபுகள் என்று தீர்ப்புச் சொல்வது இன்னும் ஆழமான தவறு. படித்தவர்களிடமும் இது காணப்படுவதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 'ஸுபீரே' என்பது கீழ் என்னும் பொருளுடைய 'ஸுப்', செல்லுதலைக் குறிக்கும் 'ஈரே' ஆகிய இரண்டும் சேர்ந்த சொல். ஒன்றன் கீழே புகுதல், கீழிருந்து மேலே வருதல், சுமையையோ ஆபத்தையோ ஏற்றுக்கொள்ளுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் இலத்தீன் மக்களே அதை வழங்கினார்கள். எனவே ஸ்பானியமும் இத்தாலியமும் மூலத்தைச் சிதைக்கவில்லை. மூலத்தில் ஏற்கெனவே இருந்த பொருள்களுள் ஆளுக்கொன்றை வளர்த்தெடுத்தன.

மிக நெருங்கிய மொழிகளுக்கிடையே ஐயப்பட வேண்டியதில்லை என்று நம்புவதும் தவறுதான். பொதுச் சொற்கள் மிகுந்திருக்கும் இடத்தில்தான் நாம் அகராதியைப் பார்க்காமல் விடுகிறோம். 'தேடித் தேர்ந்தெடுக்கப்பட்ட' என்று பொருள்பட்ட 'எக்ஸ்குவிஸீத்துஸ்' என்னும் இலத்தீன் சொல், ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் உணவின் சிறந்த சுவையைப் பாராட்டும் சொல்லாக நிற்க, போர்த்துகீசியத்தில் அதன் வழிவந்த 'எஷ்கிஸீத்து' விசித்திரமான, வழக்கத்துக்கு மாறான என்று பொருள்படுகிறது. லிஸ்பனில் சமைத்துப் பரிமாறியவரிடம் ஒரு ஸ்பானியர் இச்சொல்லைச் சொன்னால், பாராட்டு குறைகூறலாகிவிடும். அதேபோல் 'லார்கோ' ஸ்பானியத்தில் நீளம். போர்த்துகீசியத்திலும் இத்தாலியத்திலும் அகலம். இரண்டுக்கும் மூலமான இலத்தீன் 'லார்குஸ்' தாராளம் என்ற பொருளையே தந்தது.

பொருள் மாற்றத்துக்கு அழகான கதையொன்று கிடைத்ததும் அதை வரலாறாக ஏற்றுக்கொள்வது மற்றொரு தவறு. மடித்தலைக் குறித்த இலத்தீன் 'பிளிகாரே' ஸ்பானியத்தில் 'யெகார்' என்றாகி வந்துசேர்தலையும், ருமேனியத்தில் 'பிளெகா' என்றாகி நேர்மாறாகப் புறப்படுதலையும் குறிக்கிறது. கரையை அடைந்த மாலுமிகள் கப்பற்பாயை மடித்தார்கள், பயணம் கிளம்பிய படைவீரர்கள் கூடாரத்தை மடித்தார்கள் என்ற விளக்கம் பல இடங்களில் உறுதியான உண்மைபோல் சொல்லப்படுகிறது. ஆனால் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித நாடுகளுக்குச் சென்ற எகேரியா என்னும் பெண்மணியின் பயணக் குறிப்பு, கடலோடு தொடர்பில்லாத ஓரிடத்தில், சீனாய் மலையை நெருங்கிச் செல்வதற்கு இவ்வினையையே ஆள்கிறது. ஒரு திசை நோக்கி வளைந்து திரும்புதல் என்ற பொருளிலிருந்தும் வந்துசேர்தல் தோன்றியிருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. பாய்மரக் கதையை ஓர் ஊகமாக மட்டுமே கொள்வது நேர்மையாகும்.

உருவ ஒற்றுமை மட்டும் ஒரே வேரைக் காட்டிவிடாது என்பதையும் மறக்கலாகாது. இத்தாலியத்தில் வெண்ணெயாகவும் ஸ்பானியத்தில் கழுதையாகவும் இருக்கும் 'புர்ரோ' பொருள் பிரிந்த ஒரு சொல் அன்று. முன்னது கிரேக்கம் வழி இலத்தீனுக்கு வந்த 'புத்தீரும்' என்பதிலிருந்தும், பின்னது சிறு குதிரையைக் குறித்த 'புர்ரிகுஸ்' என்பதிலிருந்தும் வந்து, உருவத்தில் மட்டும் ஒன்றாகிவிட்டன.

இத்தகைய சொற்களைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதைவிட, ரயிலில் ஏறுதல், வீட்டைவிட்டு வெளியேறுதல் என முழுத் தொடராக, பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் அதற்குரிய முன்னிடைச்சொல்லோடு சேர்த்து ஒவ்வொரு மொழியிலும் எழுதிப் பழகுவதையே நான் பரிந்துரைப்பேன்.