கரும்புச் சக்கையிலிருந்து சைலோஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் ப்ராஜெக்ட் என்றதும் பிள்ளைகள் கரும்புச் சக்கையைத்தான் தேடுகிறார்கள். நல்ல தேர்வுதான். உலர்ந்த சக்கையில் ஏறத்தாழ கால்பங்கு ஹெமிசெல்லுலோஸ், அதாவது செல்சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகள். அதில் பெரும்பகுதி சைலான், சைலோஸ் கோத்த சங்கிலி. நீர்த்த கந்தக அமிலத்தில் சூடாக்கினால் அது உடைந்து சைலோஸ் வரும். ஐந்து கார்பன் கொண்ட எளிய சர்க்கரை. சூயிங்கத்தில் போடும் சைலிட்டால் இதிலிருந்துதான் வருகிறது. சிறுகுடல் சரியாக உறிஞ்சுகிறதா என்று பார்க்க, 25 கிராம் சைலோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் சோதனையும் உண்டு.

நாங்கள் படித்த காலத்தில் செய்த தவறுகளையே இன்றும் பார்க்கிறேன். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, கண்ணாடி போடு என்பதை யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜூஸ் கடைச் சக்கையைச் சரியாகக் கழுவாமல் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு மாணவர் குழு தேவனாம்பட்டினம் கடற்கரை ஜூஸ் கடையில் சக்கை வாங்கி வந்தது. ஒருமுறை அலசி, அலசிய நீரில் பெனடிக்ட் சோதனை செய்தார்கள். குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரை இருந்தால் அதன் நீலம் மாறும். நிறம் பெரிதாக மாறவில்லை. சுத்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அமிலத்தில் வேகவைத்து, ஒடுக்கும் சர்க்கரைகளை மொத்தமாக அளக்கும் டி.என்.எஸ். சோதனையில் அளந்தபோது 100 கிராம் சக்கைக்கு 40 கிராமுக்கு மேல் 'சைலோஸ்'. ஒரே கொண்டாட்டம்.

அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சக்கையில் சைலான் 25 கிராம் இருந்து, முழுவதும் உடைந்தாலும், உடையும்போது சேரும் தண்ணீரையும் கணக்கிட்டால் சைலோஸ் சுமார் 28 கிராம்தான். மீதி எங்கிருந்து வந்தது? கரும்புச் சாற்றிலிருந்து. சாற்றில் பெரும்பாலும் இருப்பது சுக்ரோஸ். அது பெனடிக்டில் நிறம் காட்டாது. சூடான அமிலத்தில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைந்த பிறகு டி.என்.எஸ். இரண்டையும் சேர்த்தே அளக்கும். அந்தச் சோதனைக்குச் சைலோஸைத் தனியாகத் தெரியாது.

அப்புறம் பேக்கரி ஈஸ்ட்டைப் போட்டார்கள். நுரைத்துப் பொங்கியது. ஈஸ்ட் தின்றது குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும். அறிக்கையிலோ 'பேக்கரி ஈஸ்ட் சைலோஸை நொதிக்கச் செய்கிறது' என்று எழுதி பைண்டும் போட்டாயிற்று. ஒரு செமஸ்டர் உழைப்பு வீண்.

சர்க்கரை ஆலையில் சக்கையை அடுத்தடுத்த உருளைகளில் தண்ணீர் தெளித்துப் பிழிவதால் சாறு குறைவாகவே மிஞ்சும். கடை மெஷினில் மடித்து மடித்துப் பிழிந்தாலும் நிறைய நிற்கும். ஆகவே சக்கையைச் சிறிதாக வெட்டி, சூடான தண்ணீரில் பலமுறை அலசுங்கள். கூடவே நசுங்கிய இஞ்சி, எலுமிச்சைத் தோலைப் பொறுக்கி எடுங்கள். கடைசி அலசல் நீரில் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, சோடா உப்பால் நடுநிலையாக்கி, அதன் பிறகு பெனடிக்ட் பாருங்கள். நீலம் மாறாவிட்டால்தான் சக்கை சுத்தம்.

சைலோஸ் எவ்வளவு என்று எழுத வேண்டுமானால் சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி உள்ள இடத்துக்கு மாதிரியை அனுப்புங்கள். பியால் சோதனையின் நீலப்பச்சை, ஐந்து கார்பன் சர்க்கரை இருப்பதை மட்டுமே காட்டும்.

பேக்கரி ஈஸ்ட்

சைலோஸை நொதிக்கவைக்காது. அதற்கென்று வேறு ஈஸ்ட் இனங்கள் உண்டு.

சைலோஸையும் சைலிட்டாலையும் ஒன்றென்று எழுதுவது

இரண்டும் வேறு. ஹைட்ரஜன் சேர்த்தால்தான் சைலோஸ் சைலிட்டாலாகும்.

கறுக்கும்வரை வேகவைப்பது

கரைசல் கறுத்தால் சர்க்கரை கூடியதாக அர்த்தமில்லை. சைலோஸ் நீரை இழந்து ஃபர்ஃபுரால் என்ற வேறு பொருளாக மாறிக்கொண்டிருக்கும், பாதாம் வாசனை வரும். அது ஈஸ்ட்டையும் முடக்கும். 1 முதல் 2 சதவீத அமிலம், ஆட்டோகிளேவில் (பிரஷர் குக்கர் போன்ற ஆய்வகக் கருவி) 121 டிகிரி, அரை மணி நேரம் என்று தொடங்கி, நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாக மாற்றி, தனித்தனிக் குடுவைகளில் தனித்தனியாக வேகவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.