ஐஸ் மெலிந்தால் கேஸ் குறைந்துவிட்டது என்று பொருளல்ல: மேசை ஐஸ் மேக்கர் பழுதுபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கத்திரி வெயிலின்போது தண்டையார்பேட்டையில் ஒரு பழச்சாறுக் கடைக்குக் குளிர்பெட்டி வேலையாகப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில், மேசைமேல் வைக்கும் சின்ன ஐஸ் மேக்கர் ஒன்றைப் பிரித்துவைத்து இரண்டு இளைஞர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பின்மூடியைக் கழற்றிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது; அதற்குள் ஒருவர் கம்ப்ரசரில் கேஸ் ஏற்றும் சார்ஜிங் குழாயை வெட்டுவதற்குக் கட்டரைக் கையில் எடுத்துவிட்டார். ஃபேன் சுற்றுகிறதா, வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டன்சர் வழியாகக் காற்று போகிறதா, தொட்டியில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடு என்று எதையும் அவர்கள் பார்க்கவில்லை. “ஐஸ் மெல்லிசா வருதுண்ணே, கேஸ் கம்மி” என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். இந்த இயந்திரங்கள் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வரத் தொடங்கிய காலத்தில் நானும் இதையே சொல்லி, இதையே செய்து, ஒரு நல்ல கம்ப்ரசரைப் பாழாக்கியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ப்ளக்கைச் சரியாகச் செருகாதது, தண்ணீர் ஊற்ற மறந்தது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை.

பார்க்காமலே கேஸ் அடித்தல்

இந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இந்தத் தவற்றின் கனம் புரியும். உள்ளே வரிசையாக உலோக விரல்கள் தொங்குகின்றன. பம்ப் ஒரு சிறு தட்டில் தண்ணீரை நிரப்புகிறது. விரல்கள் அந்தத் தண்ணீரில் மூழ்கியிருக்க, அவற்றின் உள்ளே ஓடும் குளிர்பொருள், அதாவது நாங்கள் கேஸ் என்று சொல்வது, வெப்பத்தை உறிஞ்சுகிறது. விரலைச் சுற்றி ஐஸ் படிகிறது. ஏழெட்டு நிமிடங்களில் தட்டு சாய்கிறது, ஹாட் கேஸ் வால்வு திறக்கிறது, கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான வாயு நேராக விரல்களுக்குள் பாய்ந்து ஐஸை இளக்கி விழச்செய்கிறது. ஐஸ் மெலிந்து வருகிறதென்றால் இந்தச் சுற்றில் எங்கோ வெப்பம் வெளியேறாமல் நிற்கிறது, அல்லது வரக்கூடாத இடத்தில் வந்து சேர்கிறது. அதற்கு ஐந்தாறு காரணங்கள் உண்டு. கேஸ் குறைவது அவற்றில் ஒன்று மட்டுமே. குளிர்பொருள் ஓடும் பாதை முழுவதும் மூடி ஒட்டப்பட்டது என்பதால் கேஸ் தானாகத் தேய்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் அடிக்கும் கேஸும் அதே வழியாகத்தான் போகும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளை ஒட்டிய ஒரு சந்தில் சிறிய பழச்சாறுக் கடை. சித்திரை மாதம். “தம்பி, ஐஸ் முட்டை ஓடு மாதிரி வருது, கிளாசுல போட்டா கரண்டி எடுக்குறதுக்குள்ள கரைஞ்சிருது” என்றார் கடைக்காரர். நான் நேராகச் சார்ஜிங் குழாயில் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினேன். முள் பூஜ்யத்துக்குக் கீழே, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே நின்றது. ஆர்-134ஏ என்ற கேஸ் போட்ட பழைய குளிர்பெட்டிகளிலேயே பழகிய கண்ணுக்கு அது காலியான இயந்திரமாகத் தெரிந்தது. முள் பூஜ்யத்தைத் தாண்டி, நான் பழகிய ஒன்பது பத்து பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும்வரை கேஸ் ஏற்றிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த இயந்திரத்தில் இருந்தது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஆர்-134ஏ கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 26 டிகிரி. ஆர்-600ஏ கொதிப்பதோ மைனஸ் 11.7 டிகிரியில். ஆகவே விரல்கள் மைனஸ் 15 டிகிரிக்கு இறங்கும்போது ஆர்-600ஏ உள்ள இயந்திரத்தில் கம்ப்ரசர் வாயுவை இழுக்கும் உறிஞ்சு பக்கம் காற்றழுத்தத்துக்கும் கீழேதான் ஓட வேண்டும். முள் பூஜ்யத்துக்குக் கீழே நின்றது அந்த இயந்திரத்துக்கு இயல்பான நிலை. அதைத்தான் நான் நோய் என்று எடுத்துக்கொண்டேன். உறிஞ்சு பக்கம் அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது கேஜ் மாட்டினால், குழாயில் தங்கியிருக்கும் காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும் என்பதையும் அன்று நான் எண்ணிப்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கம்ப்ரசர் இறுகி நின்றுவிட்டது. முழுவதும் பிரித்தபோதுதான் கண்டன்சரின் உள்முகத்தைப் பார்த்தேன். துணிக்கடைகளிலிருந்து பறந்து வந்த பஞ்சு தகடுகளுக்கிடையே புகுந்து, பழச்சாற்றுச் சர்க்கரையின் பிசுபிசுப்போடு சேர்ந்து, கம்பளித் துண்டைப் போலப் படிந்திருந்தது. விரலால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது முழுப் படலமும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதுதான் பழுது; ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷும் ஐந்து நிமிடமும் போதுமானதாக இருந்திருக்கும். புதிய கம்ப்ரசரை என் பணத்தில் வாங்கிப் போட்டேன். வியாபாரம் சூடுபிடித்த அந்த வாரத்தில் கடைக்காரர் விலைக்கு ஐஸ் வாங்கி ஓட்டினார். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதே தவற்றை மற்றவர் செய்யப்போவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

குழாயை வெட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றுக்கு எந்தக் கருவியும் பெரிதாகத் தேவையில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, ஃபேன் சுற்றும் ஒலியைக் கேளுங்கள்; வெளியேறும் காற்றில் கையை வைத்துப் பாருங்கள். காற்று வராமல் உடல் மட்டும் கொதித்தால் பழுது அங்கேயே இருக்கிறது. பிறகு மேல்மூடியைத் திறந்து ஒரு முழுச் சுற்றையும் பொறுமையாகப் பாருங்கள். எல்லா விரல்களிலும் ஒரே சீராக ஐஸ் படிந்து, ஆனால் மெலிந்திருந்தால் கேஸ் இருக்கிறது. வெப்பம்தான் வெளியேறவில்லை, அல்லது தண்ணீர் சூடாக இருக்கிறது. முதல் இரண்டு மூன்று விரல்களில் மட்டும் ஐஸ் கட்டி மற்றவை ஈரமாக நின்றால்தான் கேஸ் குறைவையோ கேபிலரி எனும் நுண்குழாயின் அடைப்பையோ சந்தேகிக்க வேண்டும். எந்த விரலிலும் ஐஸ் இல்லாமல் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தால், ஹாட் கேஸ் வால்வைத் தாண்டி விரல்களுக்குப் போகும் குழாயைத் தொட்டுப் பாருங்கள்: ஐஸ் உறையும் நேரத்தில் அந்தக் குழாய் சுட்டால் வால்வு சரியாக மூடவில்லை, எவ்வளவு கேஸ் அடித்தாலும் ஐஸ் வராது. கிளாம்ப் மீட்டர் இருந்தால் மின்னோட்டத்தை நேம் பிளேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கேஸ் குறைந்த இயந்திரம் பெரும்பாலும் வழக்கத்தைவிடக் குறைவாகவே இழுக்கும்.

உண்மையிலேயே கேஸ் போயிருக்கவும் கூடும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் உப்பு இருப்பதால் குழாய் இணைப்புகள் விரைவில் அரிக்கப்படுகின்றன. செம்புக் குழாயில் பச்சை பூத்திருக்கும் இடத்தையும், எண்ணெய்க் கறை தெரியும் இணைப்பையும் முதலில் பாருங்கள். இயந்திரத்தை நிறுத்தி, உள்ளழுத்தம் ஏறிய பிறகு சோப்பு நுரை வைத்துச் சோதியுங்கள். ஓட்டையை அடைத்து, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, உள்ளிருக்கும் காற்று வெளியேற வேக்குவம் இழுத்து, நேம் பிளேட்டில் அச்சிட்டிருக்கும் கிராம் அளவை எடை பார்த்து மட்டுமே ஏற்ற வேண்டும். இந்தச் சின்ன இயந்திரங்களில் மொத்தமே சில பத்து கிராம்தான் இருக்கும். முப்பது கிராம் இயந்திரத்தில் பத்து கிராம் கூடினால் அது மூன்றில் ஒரு பங்கு. கேஜ் முள்ளைப் பார்த்து, கைக்கணக்கில் ஏற்றுவதற்கு இங்கே இடமே இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்-600ஏ தீப்பற்றும் வாயு, காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். எங்கள் பக்கத்துக் கடைகள் பத்துக்கு எட்டு அடி அளவில், ஒரு மூலையில் டீ அடுப்பும் எரிய, ஒரே வாசலோடு இருப்பவை. அங்கே உட்கார்ந்து குழாயை வெட்டுவதும், உள்ளே வாயு மிச்சமிருக்கும்போதே வெல்டிங் நெருப்பைக் காட்டுவதும் உயிருக்கு ஆபத்தான செயல். இயந்திரத்தைத் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். கூடுமானவரை நெருப்பு தேவைப்படாத லாக்ரிங் இணைப்பைப் பயன்படுத்துங்கள்.

தண்டையார்பேட்டைக் கடையில் அந்தத் தம்பியின் கட்டரை வாங்கிக் கீழே வைத்தேன். இயந்திரம் ஒரு பக்கம் சுவரோடும் மறுபக்கம் மிக்ஸியோடும் ஒட்டி நெருக்கிவைக்கப்பட்டிருந்தது. அரை முழம் வெளியே இழுத்து வைத்து, கண்டன்சரைப் பிரஷ்ஷால் தட்டி, தொட்டியில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டுக் குளிர்பெட்டியில் இருந்த தண்ணீரை ஊற்றினோம். முதல் இரண்டு சுற்றில் ஐஸ் சிறிதாகவே வந்தது. புதிதாக ஓடத் தொடங்கும் எந்த இயந்திரத்திலும் அப்படித்தான் வரும். நான்காம் சுற்றில் விழுந்த ஐஸை அவர் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் சார்ஜிங் ஹோஸைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

மாடித் தொட்டித் தண்ணீரை அப்படியே ஊற்றுதல்

மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு கிலோ தண்ணீரை உறையவைக்க மட்டும் 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 35 டிகிரித் தண்ணீரை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவர அதற்கு மேல் 147 கிலோஜூல் செலவாகிறது. 15 டிகிரித் தண்ணீருக்கு அந்தக் கூடுதல் 63 கிலோஜூல் மட்டுமே. மொத்த உழைப்பில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. பெட்டியின்மேல் ஒரு நாளைக்கு 12 கிலோ என்று அச்சிட்டிருப்பது மிதமான அறையிலும் குளிர்ந்த நீரிலும் கிடைக்கும் அளவு; நம் ஊர்க் கோடைக்கு அதைக் குறைத்தே கணக்கிட வேண்டும்.

தண்ணீரின் உப்பு வேறொரு தொல்லை. மெட்ரோ வாட்டர் வரும் தெருக்களில் சிக்கல் குறைவு. போர் தண்ணீரை ஊற்றும் கடைகளில்தான் விரல்களின்மேல் வெள்ளைப் படிவு ஏறி, ஐஸ் வழுக்கி விழாமல் ஒட்டிக்கொள்கிறது, பம்பின் வடிகட்டியும் அடைபடுகிறது. தொட்டி நிறைய நீர் இருந்தும் தண்ணீர் ஊற்றச் சொல்லும் விளக்கு எரிந்தால், சென்சாரை மாற்றுவதற்கு முன்பு அந்தச் சின்ன வலையைக் கழற்றிப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள்) அளவாக லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராமையும் வைத்திருக்கிறது. ஐஸும் குடிக்கப்படுவதுதான் என்பதால் அந்த அளவுக்குள் இருக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள்.

விரல்களில் ஸ்க்ரூடிரைவர் படுதல்

கூடாது. மேற்பூச்சு உரிந்தால் ஐஸ் ஒட்டும்; ஓட்டை விழுந்தால் இயந்திரமே போனது.

வெயில் விழும் இடத்தில் வைத்துவிட்டுச் சென்சாரைக் குறைசொல்லுதல்

கூடை காலியாக இருக்க, நிரம்பிவிட்டதென்று விளக்கு எரிகிறது என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை காலை வெயில் நேராக விழும் கிழக்குப் பார்த்த கடைகளிலிருந்து வருகின்றன. கூடையின் மேற்பகுதியில் இருப்பது அகச்சிவப்புக் கதிரை வைத்து ஐஸைக் கண்டறியும் கண். சூரிய ஒளியிலும் அதே கதிர் இருப்பதால் அது குழம்புகிறது. இயந்திரத்தை நிழலுக்கு நகர்த்தி, அந்தக் கண்ணின் மேல் நிற்கும் நீர்த்துளியை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சோதியுங்கள். ராயபுரத்தில் ஒரு கடையில் இரண்டு முறை போர்டு மாற்றிய பிறகு என்னை அழைத்தார்கள். வாசலில் ஒரு தார்ப்பாய் கட்டியதும் சரியாகிவிட்டது.

மின்சாரம் வந்தவுடன் போடுதல்

ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். உள்ளழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் கிளம்பாது.

ஷேர் ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவருதல்

கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்து, ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டு இயக்குவதே நல்லது.

ஐஸ் கூடையைக் குளிர்பெட்டியாக எண்ணுதல்

கூடையில் குளிரூட்டல் கிடையாது. உருகும் நீர் தொட்டிக்கே திரும்பும்.

ப்ளீச்சும் சிட்ரிக் அமிலமும் சேர்த்துக் கழுவுதல்

வெள்ளைப் படிவை நீக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றி, இயந்திரத்தில் கழுவும் வசதி இருந்தால் அதில் சுற்றவிட்டு, இல்லையெனில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். பாசி வாடையும் சேர்ந்துவிட்டதென்று அதே தண்ணீரில் ப்ளீச்சைக் கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும், மூடிய கடைக்குள் அது மூச்சை அடைக்கும். இரண்டும் தேவைப்பட்டால் வெவ்வேறு நாளில், இடையே நன்றாக அலசிவிட்டுச் செய்யுங்கள். கழுவிய பிறகு வரும் முதல் இரண்டு கூடை ஐஸை யாருடைய கிளாசிலும் போடாமல் கொட்டிவிடுங்கள்.