கார் ஹெட்லைட் பல்ப்: சரியானதைப் பார்த்து வாங்கி, நாமே மாற்றுவது எப்படி?

இரவில் எதிரே ஒற்றை விளக்கு வந்தால் பைக் என்றுதான் நினைப்போம். பைக்குக்கு வேண்டிய அளவு இடம் விட்டால் போதும் என்று கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும். பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் வரும்போது ஒரு மழை இரவில் எனக்கு அப்படித்தான் ஆனது. கிட்டே வந்த பிறகுதான் அது கார் என்று தெரிந்தது. அதன் வலது ஹெட்லைட் எரியவில்லை. அதாவது எரியாத பக்கம்தான் என் பக்கம். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு வண்டியும் தப்பின. அந்தக் காரை ஓட்டியவருக்குத் தன் வண்டியில் ஒரு விளக்கு போனது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஒரு பல்ப் மாற்ற கால் மணி நேரம் போதும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த பல்ப் போடுகிறோம், எப்படிப் போடுகிறோம் என்பது நம் கண்ணுக்கு மட்டுமான விஷயம் இல்லை. எதிரே வருபவர் கண்ணுக்கும் சேர்ந்தது. அதையும் மனதில் வைத்தே சொல்கிறேன். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது ஆல்டோ 800. ஹெச்4 என்ற வகை பல்ப் போட்ட மற்ற கார்களிலும் வேலை ஏறத்தாழ இதேதான்.

முதலில், பல்ப்தான் போயிருக்கிறதா?

வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி லோ பீம், ஹை பீம் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஹெச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன: ஒன்று லோ பீமுக்கு, இன்னொன்று ஹை பீமுக்கு. ஒரு பக்கத்தில் லோ மட்டும் போய் ஹை எரிகிறது என்றால் அநேகமாக பல்ப்தான். இரண்டும் எரியவில்லை என்றால் ஃபியூஸையும் பார்த்துவிடுங்கள். பல கார்களில் இடது, வலது ஹெட்லைட்டுக்குத் தனித்தனி ஃபியூஸ் உண்டு. எது எந்த ஃபியூஸ் என்று ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ வண்டியோடு கொடுத்த புத்தகத்திலோ இருக்கும்.

எரிகிறது, ஆனால் மங்கலாக எரிகிறது என்று நிறையப் பேர் பல்பை மாற்றுகிறார்கள். ஹெட்லைட்டின் முகப்பு வெயிலில் மஞ்சளாகி, பால் ஊற்றியது போல் இருந்தால் எந்த பல்ப் போட்டாலும் பிரயோசனம் இல்லை. அதற்கு முகப்பைப் பாலிஷ் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம்.

அடிக்கடி பல்ப் ஃபியூஸ் ஆகிறதா? பேட்டரி சார்ஜ் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஹெச்4 போன்ற ஹாலஜன் பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

எந்த பல்ப் வாங்குவது?

பல்பின் அடிப்பாகத் தகட்டிலேயே எல்லாம் பொறித்திருக்கும்: ஹெச்4, 12 வோல்ட், 60/55 வாட். ஹை பீம் 60, லோ பீம் 55. பின்னால் மூன்று பின். ஹெச்7 என்றால் ஒரே இழை, 55 வாட், இரண்டு பின். லோவுக்கும் ஹைக்கும் தனித்தனி பல்ப் வைத்த கார்களில் இது வரும். ஹெச்11, ஹெச்பி3 என்று இன்னும் சில வகைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. பழைய பல்பைக் கழற்றிக் கடைக்குக் கையோடு எடுத்துப்போவதுதான் தவறே வராத வழி.

அதே வாட், அதே வகை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்பேர் கடையில் 100/90 வாட் பல்ப் கொடுத்தார்கள். "சூப்பரா அடிக்கும் சார், லாரிக்காரங்க எல்லாம் இதைத்தான் போடுறாங்க" என்றார்கள். வாங்கி மாட்டினேன். நன்றாகத்தான் அடித்தது. நான்கு மாதம் கழித்து ஒரு பக்கம் விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. பானட்டைத் திறந்து பல்புக்குப் பின்னால் இருக்கும் கப்ளரை இழுத்தேன், வரவில்லை. வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் ரஸ்க் நிறத்துக்கு மாறி, பின்னோடு உருகி ஒட்டியிருந்தது. இழுத்த இழுப்பில் ஒரு மூலை உடைந்து கையோடு வந்தது. எங்கள் தெரு முனை எலக்ட்ரீஷியன் அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது இத்தோட நின்னதே நல்ல காலம். வயர் பத்திக்கிட்டிருந்தா வண்டியே போயிருக்கும்" என்றார்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். 60 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் இழுப்பது 8.3 ஆம்பியர். வயரில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதாவது அதே வயரில், அதே சுவிட்சில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சூடு. கம்பெனி அந்த வயரை அதற்காகப் போடவில்லை.

அடுத்தது எல்இடி. ஹெச்4 ஹோல்டரில் அப்படியே மாட்டும் எல்இடி பல்புகள் எல்லாக் கடையிலும் தொங்குகின்றன. இதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது புரிய, பழைய ஹெச்4 பல்ப் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். முன்பக்க இழைக்குக் கீழே கரண்டி போல ஒரு சின்னத் தகடு இருக்கும். லோ பீம் எரியும்போது வெளிச்சம் கீழ்ப்பாதிக்குப் போகாமல் அந்தத் தகடு மறைக்கிறது. பல்பைச் சுற்றியுள்ள ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து வெளிச்சத்தைச் சாலையை நோக்கி இறக்குகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது நகக்கண் அளவுள்ள அந்தத் தகடுதான். இழை ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் வெளிச்சம் போகும் திசை மாறிவிடும். எல்இடியில் வெளிச்சம் வரும் இடமும் பரப்பும் வேறு. அதனால் வெளிச்சம் சிதறி மேலே ஏறுகிறது. நமக்கு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். எதிரே டூவீலரில் வருபவருக்கு ஒன்றுமே தெரியாது.

ஜெர்மனியில் இப்படி மாற்றிப் போடும் எல்இடி ஒன்றுக்கு முதன்முதலாகச் சாலை அனுமதி கிடைத்தது 2020-ல்தான். அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். கடையில் தொங்கும் எல்லாவற்றுக்கும் அப்படிச் சோதனை நடப்பதில்லை. கம்பெனியிலிருந்தே எல்இடி ஹெட்லைட்டோடு வரும் கார்களின் கதை வேறு. அவற்றில் ரிஃப்ளெக்டரே எல்இடிக்காகச் செய்தது. பெரும்பாலும் அதில் பல்ப் என்று தனியாக மாற்ற எதுவும் இருக்காது.

பெட்டியில் "130 சதவீதம் கூடுதல் வெளிச்சம்" என்று போட்டிருக்கும் ஹாலஜன் பல்புகளைப் பற்றியும் கேட்பீர்கள். ஹெச்4 லோ பீமுக்குச் சர்வதேச விதி வைத்திருக்கும் அளவு 1000 லூமன். அதில் 15 சதவீதம் கூடலாம், குறையலாம். அதனால் மொத்த வெளிச்சம் இரண்டு மடங்காக வழியே இல்லை. இழையை நெருக்கமாகச் சுற்றிச் சாலையின் ஒரு பகுதியில் வெளிச்சத்தைக் குவிக்கிறார்கள். நல்ல கம்பெனி பல்ப் என்றால் வித்தியாசம் தெரியும்தான், ஆனால் ஆயுள் குறைவு. முதல் தடவை மாற்றுபவர் சாதாரண ஸ்டாண்டர்ட் பல்பே வாங்கலாம். நீலச்சாயம் பூசியதைத் தொட வேண்டாம். அந்தச் சாயம் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மழையில் சாலை தெரியாது.

இரண்டாக வாங்குங்கள். இரண்டு பல்பும் ஒரே நாளில் மாட்டியவை என்றால், ஒன்று போன பிறகு மற்றதும் அதிக நாள் தாங்காது.

மாற்றும் வேலை

பகலில், நிழலில் செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, லைட் சுவிட்சை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு அரை மணி நேரம் சும்மா இருங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடிக்குள் அழுத்தத்தில் வாயு இருக்கிறது. எரியும்போது கண்ணாடியே 250 டிகிரிக்கு மேல் போகும். சூட்டோடு தொட்டால் தோல் உரியும். கீழே விழுந்தால் வெடித்துத் தெறிக்கும். கண்ணாடி போடாதவர்கள் ஒரு சாதாரண பாதுகாப்புக் கண்ணாடியாவது போட்டுக்கொள்வது நல்லது.

பானட்டைத் தூக்கி, கம்பியை அதன் குழியில் சரியாக நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் பின்புறம் மூன்று வயர் போகும் கப்ளர் தெரியும். அதை நேராகப் பின்னால் இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்; கப்ளரின் இரண்டு பக்கத்தையும் பிடித்து மெல்ல இடவலமாக அசைத்தால் கழன்று வரும்.

அடுத்து ரப்பர் மூடி. அதன் காதைப் பிடித்து இழுத்தால் உரிந்து வரும். மேல்பக்கம் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் அம்புக்குறி இருக்கும். உள்ளே பல்பை அழுத்திப் பிடித்தபடி ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். கிளிப்பை வெளியே இழுக்கக் கூடாது. முதலில் உள்நோக்கி, அதாவது வண்டியின் முன்பக்கமாக, கொஞ்சம் அழுத்தி, பிறகு பக்கவாட்டில் தள்ளினால் கொக்கியிலிருந்து விடுபட்டுக் கதவு போலத் திறக்கும். பேட்டரி இருக்கும் பக்கத்தில் கை நுழைய இடம் குறைவாக இருக்கும். கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் பார்க்க வேண்டும். அதனால் இடம் தாராளமாக உள்ள பக்கத்தை முதலில் செய்யுங்கள். கிளிப் எப்படி விடுபடுகிறது என்று கை ஒருமுறை பழகிவிட்டால் மறுபக்கம் சுலபம். முடியவில்லை என்றால் போனில் ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பல்பை நேராக இழுத்து எடுங்கள். கண்ணாடி கறுத்தோ, உள்ளே இழை அறுந்தோ இருப்பது தெரியும். கப்ளருக்குள்ளும் ஒரு பார்வை பாருங்கள். பழுப்பேறியிருந்தால் புது கப்ளர் போடாமல் புது பல்ப் மாட்டாதீர்கள்.

இனி புது பல்ப். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே உலோக அடிப்பாகத்தை மட்டும் பிடியுங்கள். கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால், எரியும்போது அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகும். பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடி அங்கே பலவீனமாகி பல்ப் சீக்கிரம் போகும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். தவறிப்போய்ப் பட்டுவிட்டால், மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

ஹெச்4-இன் தகட்டில் மூன்று காதுகள் உண்டு. அகலமான காது மேலே. ஹோல்டரிலும் அதற்கேற்ற வெட்டு இருக்கும். சரியாக வைத்தால் தகடு ஆடாமல் சமமாக உட்காரும். ஆடினால் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் கிளிப்பைப் போட்டால் வெளிச்சம் ஆகாயத்துக்குப் போகும். கிளிப்பை மாட்டியதும் பல்பை லேசாக ஆட்டிப் பாருங்கள். அசையக் கூடாது. ரப்பர் மூடியைச் சுற்றிலும் விரலால் அழுத்தி உட்கார வையுங்கள். ஒரு ஓரம் தூக்கியிருந்தாலும் மழைத் தண்ணீர் உள்ளே போய் முகப்பில் ஆவி பிடிக்கும். கடைசியாகக் கப்ளர்.

லோ, ஹை இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகு மறுபக்கத்துக்குப் போங்கள்.

உங்கள் காரில் ஜெனான் விளக்கு என்றால் இதில் எதையும் செய்ய வேண்டாம். அது பற்றும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும். கை வைப்பதை சர்வீஸ் ஆள்களிடம் விட்டுவிடுங்கள்.

சுவரில் ஒரு சோதனை

பல்ப் எரிந்தால் வேலை முடிந்தது என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இரவானதும் சமதளத்தில், சுவரை ஒட்டி வண்டியை நிறுத்துங்கள். ஒவ்வொரு ஹெட்லைட்டின் நடு உயரத்தையும் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு நேராக 5 மீட்டர் பின்னால் வாருங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். டேஷ்போர்டில் ஹெட்லைட் ஏற்ற இறக்கத் திருகு இருந்தால் 0-வில் வைத்து, லோ பீம் போடுங்கள்.

சுவரில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அது உங்கள் சாக்பீஸ் குறிக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இடது பக்கம் அந்தக் கோடு கொஞ்சம் மேலே ஏறும், அது சரிதான். நாம் இடது பக்கம் ஓட்டுவதால், சாலையோரம் நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் தெரிவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கோடு குறிக்கு மேலே போயிருந்தால் முதலில் பல்ப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் கிளிப்தான் காரணம். பல்ப் சரியாக இருந்தும் கோடு ஏறியிருந்தால் ஹெட்லைட்டின் பின்னால் உள்ள திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறக்கலாம். அதில் கை வைக்கத் தயக்கமாக இருந்தால் பீம் செட்டிங் கருவி உள்ள சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடத்தில் செய்து கொடுப்பார்கள்.

கழற்றிய இரண்டில் இன்னும் எரிகிற பல்பைத் தூக்கிப் போடாதீர்கள். புது பல்ப் வந்த பெட்டியிலேயே வைத்து கிளவ் பாக்ஸில் போட்டுவிடுங்கள். இரவில் நடுவழியில் ஒரு பக்கம் அணைந்தால், வீடு வந்து சேரும்வரை அது போதும்.